தாடைக்கும் தோளுக்கும் ஆறரை இஞ்ச்

தையல்காரனுக்கு அளந்து பார்த்தால்தான் எதிலும் நம்பிக்கை வரும். அதனால் என் கழுத்து வலிக்குச் செய்துகொண்ட கப்பிங் (தோலின் மேல் கப்பைக் கவிழ்த்து, காற்றை உறிஞ்சி இழுக்கிற வைத்தியம்) நல்லதா கெட்டதா என்று பேசுவதற்கு முன்னால் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார வேண்டும். தோளை அசைக்காமல் தலையை மட்டும் முடிந்த மட்டும் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தாடை நுனியிலிருந்து தோள் எலும்பின் முனைவரை இஞ்ச் டேப்பைப் பிடித்தால் ஓர் எண் வரும். எண் குறையக் குறையக் கழுத்து நன்றாகத் திரும்புகிறது என்று அர்த்தம். போன வைகாசியில் எனக்கு வலது பக்கம் நாலே முக்கால், இடது பக்கம் ஆறரை. டேப் பிடித்தவள் என் மகள். "இன்னும் திரும்புங்கத்தா" என்றாள். அதற்கு மேல் திருப்பினால் கழுத்துக்குள் ஊசியை விட்டு யாரோ நூலை இழுப்பது போல இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன். இனி வருகிற எண்களெல்லாம் அந்தப் பக்கத்தில் இருப்பவைதான்.

எனக்கு வயது 52. அத்தா காலத்திலிருந்து எங்களுக்கு மதுரை புது மண்டபத்தில் தையல். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். கல் தூணுக்கும் கல் தூணுக்கும் நடுவில் ஒரு மெஷின், தலைக்கு மேல் ஒரு பல்பு. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு வெளிச்சம் உண்டு, ஃபேன் உண்டு. சாய்ந்துகொள்ள சில்லென்ற தூண் மட்டும் இல்லை. வருடம் முழுக்க வேலை மாறிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூட நாடகத்துக்கு பாரதியார் கோட்டு, கட்டபொம்மன் சட்டை, தேரில் தொங்கவிடத் துணித் தொம்பை, ஜூன் வந்தால் யூனிஃபார்ம். மாசி பிறந்துவிட்டால் கள்ளழகர் வேலைதான். திரி எடுப்பவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கும் சல்லடம் என்கிற அரைக்கால் உடை, தலைக்கு உருமா, இடுப்புக்குக் கச்சை. அழகர் ஆற்றில் இறங்குகிற முந்தின ராத்திரிவரை ஆட்கள் வந்து நிற்பார்கள். வெல்வெட் துணி ஊசிக்கு அடியில் வழுக்கும். இடது கையால் அழுத்திப் பிடித்துத் தள்ள வேண்டும், முகத்தை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் இந்தக் கோலம். வலி இடது பக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இத்தனை வருடம் வராமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

முதலில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். கோடாலித் தைலம். சுளுக்கு எடுப்பவர். உயரத் தலையணை, தட்டைத் தலையணை, தலையணையே இல்லாமல். சித்திரை முடிந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவில் தேய்மானம் என்றார் டாக்டர். தன் இரண்டு விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னார். கை மரத்துப் போகிறதா, பொருள் கை தவறி விழுகிறதா, நடக்கும்போது கால் தடுமாறுகிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. "அப்ப பயப்பட வேண்டாம். உங்க வயசுல படம் எடுத்தா வலி இல்லாதவங்களுக்கும் தேய்மானம் தெரியும். உங்களுக்குத் தசை இறுகிக் கிடக்கிறதுதான் பெரிசு" என்றார். ஐந்து நாளைக்கு மாத்திரை. எனக்குச் சர்க்கரை எட்டு வருடமாக உண்டு. வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கிக் கிட்னியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். இயன்முறைப் பயிற்சிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். யூனிஃபார்ம் நேரம். சட்டை சலவைக்குப் போனது, சீட்டும் போனது.

அப்புறம் என் வீட்டுக்காரியின் தம்பி வந்தான். "எக்ஸ்ரே எல்லாம் எதுக்கு மச்சான்? ஹிஜாமா வைங்க, ஒரே தடவையில இறங்கிரும்."

ஹிஜாமா எங்களுக்குப் புதிது இல்லை. கீறிவிட்டுக் கப் வைத்து ரத்தம் எடுப்பது. ஹதீஸில், அதாவது நபிமொழியில், இரத்தம் குத்தி எடுத்தல் என்று வருவது அதுதான். பிறை 17, 19, 21 என்று நாள் பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. சுன்னத்தை, அதாவது நபிவழியை, குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நான் போன இடத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

ஒரு வீட்டு மாடி, 1,200 ரூபாய். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் பதினொரு மணிவரை பெஞ்சில் காத்திருந்தேன். சர்க்கரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்பு. குப்புறப் படுக்க வைத்து, கழுத்துக்குக் கீழே மூன்று கப், இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. முதலில் வெறுமனே காற்றை உறிஞ்சி நாலைந்து நிமிடம் விட்டார். கப்பை எடுத்துவிட்டு பிளேடால் மேலாக்கில் சின்னச் சின்னக் கீறல். திரும்பவும் அதே இடத்தில் கப். பிளேடு புதுசு, உறையைக் கண் முன்னால்தான் கிழித்தார். ஆனால் கப்புகள் கழுவிக் காய வைத்தவை. ஒன்றின் வால்வு ஓரத்தில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. நான் சட்டையைத் திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்த்தே பழகினவன். அது கண்ணில் பட்டுவிட்டது. பட்ட பிறகும் எழுந்து வராமல் படுத்தே கிடந்தேன். வெட்கம்தான் காரணம், வேறென்ன.

கப்புக்குள் ரத்தம் ஜெல்லி மாதிரி தேங்கியது. "பாத்தீங்களா பாய், கெட்ட ரத்தம் எப்படிக் கட்டி கட்டியா வருது" என்றார். எழுந்து உட்கார்ந்ததும் கண் இருட்டியது. கீழே கடையிலிருந்து அரை டம்ளர் டீ, நிறையச் சீனி போட்டு வாங்கி வந்தார்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் பி.பார்ம் படிக்கிறாள். "உடம்பை விட்டு வெளிய வந்து நின்னா எந்த ரத்தமும் உறையும் அத்தா. உறையலைன்னாத்தான் பயப்படணும்" என்றாள். அப்புறம் ஒரு மணி நேரம் திட்டினாள். சர்க்கரைக்காரனுக்குக் கீறல் ஆறாது என்று தெரியாதா, அந்தக் கப் போன ஆளுக்கு வைத்ததாக இருந்தால் மஞ்சள் காமாலைக் கிருமிகூட வரும் என்று தெரியாதா என்று. இடது தோளில் ஒரு கீறல் சீழ் கட்டி, ஆற 11 நாள் ஆயிற்று. அளவு: அன்று சாயங்காலம் ஆறு. மூன்றாம் நாள் மறுபடியும் ஆறரை.

இதோடு விட்டிருப்பேன். தொம்பைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு வாத்தியார், நான் உடம்போடு சேர்த்துத் திரும்புவதைப் பார்த்துவிட்டு அண்ணா நகர் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கைச் சொன்னார். இயற்கை மருத்துவமும் யோகாவும் ஐந்தரை வருடம் படித்த டாக்டர், சின்ன வயதுப் பெண். போனதும் படுக்கச் சொல்லவில்லை. முதல் இருபது நிமிடம் கேள்விதான். சர்க்கரை எவ்வளவு, ரத்தத்தை இளக்க மாத்திரை எதுவும் போடுகிறீர்களா, அடிபட்டால் ரத்தம் நிற்க நேரமாகிறதா, கை மரக்கிறதா, தோலில் படை சொறி உண்டா. மூன்று மாதச் சர்க்கரை 8.1 என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். பழைய கீறலின் தழும்பையும் பார்த்தார். "உங்களுக்குக் கீறல் வேண்டாம். உலர் கப்பிங் மட்டும் பண்ணலாம். ஆறு தடவை. அதிலயும் ரெண்டாவது தடவைக்கப்புறம் ஒண்ணும் தெரியலைன்னா நானே நிறுத்திருவேன்." ஒரு தடவைக்கு 600 ரூபாய். முன்பணம், பேக்கேஜ் என்று எதுவும் இல்லை. எனக்கு அந்த இடம் பிடித்துப்போக முதல் காரணம் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாயங்காலம் போவேன். கட்டிலில் முகம் வைக்க ஓட்டை. தரையில் என் செருப்பும் டாக்டரம்மாவின் செருப்பும் மட்டும் தெரியும். நல்லெண்ணெயை லேசாகத் தடவி, விரலால் அழுத்திக்கொண்டே போவார். வலிக்கிற இடம் வந்ததும் நான் 'ஸ்' என்பேன், அந்த இடத்தில் பேனாவால் புள்ளி. நாங்கள் சாக்குக் கட்டியால் துணியில் குறி வைப்பது போலவேதான். அந்தத் தசைக்கு ட்ரப்பீசியஸ் என்று பெயராம். சுவரில் இருந்த படத்தில் பார்த்தேன். தலைக்குப் பின்னால் தொடங்கி, இரண்டு தோளுக்கும் விரிந்து, நடுமுதுகில் கூர்மையாக முடிகிறது, காற்றாடி மாதிரி. முப்பது வருடம் சட்டைக்குத் தோள்பட்டைத் துண்டு வெட்டியிருக்கிறேன். அந்தத் துண்டு உட்காருகிற இடத்துக்கு அடியில் இப்படி ஒரு துணி விரித்திருக்கிறது என்று தெரியாது.

கப்புகள் கெட்டி பிளாஸ்டிக். தலையில் வால்வு, அதில் துப்பாக்கி மாதிரி ஒரு பம்ப். முதல் இழுப்பில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் தோல் மேலே எழும்பும். மூன்றாவதில், தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்குமே, அது போல. வலி என்று சொல்ல முடியாது, இறுக்கம். மசாஜில் தசையை உள்ளே அழுத்துகிறார்கள், இதில் வெளியே இழுக்கிறார்கள். இறுகிப்போன தையலை அழுத்தித் தேய்ப்பதை விட இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டால் சுருக்கம் போகுமே, அந்த மாதிரி என்று நானாக நினைத்துக்கொண்டேன். எட்டு நிமிடம், கடிகாரம் வைத்து. வால்வைத் தூக்கியதும் 'புஸ்' என்று காற்று ஏறும். அந்த ஒரு நொடி, சத்தியமாகச் சொல்கிறேன், தோளிலிருந்து யாரோ ஒரு பையை இறக்கி வைத்தது போல இருந்தது.

மூன்றாவது தடவையிலிருந்து ஒரு கப்பை லேசான இழுப்பில் வைத்துக் கழுத்திலிருந்து தோள்வரை மெதுவாக ஓட்டினார். இதுதான் வலித்தது. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பலன் அதிகம் தெரிந்ததும் இதில்தான். அலமாரியில் கண்ணாடிக் கப்புகளும் இருந்தன. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தி, கப்புக்குள் காட்டி எடுத்துவிட்டு உடனே கவிழ்ப்பார்களாம். உள்ளே இருக்கும் சூட்டுக் காற்று ஆறும்போது சுருங்கி, தோலை இழுக்கும். எனக்கு வேண்டாம் என்றேன். சர்க்கரைக்காரன் முதுகில் நெருப்போடு விளையாட அவருக்கும் ஆசை இல்லை.

முதல் நாள் வீட்டில் சட்டையைக் கழற்றியதும் சின்னவன் கத்தினான்: "அத்தா முதுகுல பணியாரச் சட்டி!" ஏழு வட்டம். வலது பக்கம் இளஞ்சிவப்பு, இடது பக்கம் நாவல்பழம். ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. கறுப்பு எவ்வளவோ அவ்வளவு அழுக்கு உடம்பில் இருந்தது என்று சொல்கிறார்களே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அழுக்கும் இல்லை, நஞ்சும் இல்லை. இழுக்கிற வேகத்துல தோலுக்கு அடியில இருக்கற நுண்ணிய ரத்தக் குழாய் கசிஞ்சிருக்கு. இடிச்சுக்கிட்டா கன்றிப்போகுமே, அதேதான்" என்றார். தன் தொழிலைப் பற்றி இப்படி உடைத்துப் பேசுகிறவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வந்துவிடும். துணி சாயம் போகுமா என்று கேட்டால் போகும் என்று சொல்கிற கடைக்காரர் எத்தனை பேர்?

சரி, அளவு. முதல் தடவைக்கு முன் ஆறரை, முடிந்த அரை மணி நேரத்தில் ஐந்தரை. ஒரு இஞ்ச்! நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அன்று ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்கினேன், மூன்று மாதத்தில் முதல் தடவையாக. மூன்றாம் நாளும் ஐந்தரை. ஐந்தாம் நாள் ஆறு. அடுத்த வெள்ளி போகும்போது ஆறே கால். இரண்டாவது தடவையும் ஏறக்குறைய இதே கதை. மூன்றாவதிலிருந்து திரும்பி ஏறுவது கொஞ்சம் மெதுவானது. ஆனால் ஏறியது. ஓட்டுத் தையல் போட்டுத் துணியை நிறுத்தி வைப்பது போல, மூன்று நான்கு நாள் பிடித்து நிற்கும். மெஷின் தையல் விழாவிட்டால் பிரிந்துவிடும்.

இந்த இடத்தில் என் புத்தி குறுக்கே போனது. வாரா வாரம் 600 எதற்கு, பம்ப் செட்டை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் ஆச்சே என்று ஆன்லைனில் 24 கப் உள்ள பெட்டி ஒன்று, 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். பம்ப் அடித்தது என் வீட்டுக்காரி. இரண்டு இழுப்பு போதும் என்றேன். "காசு குடுத்து வாங்கியிருக்கு, நல்லா இழுக்கட்டும்" என்று ஐந்து இழுத்தாள். அடுப்பில் சோறு பொங்குகிறது என்று போனவள் பக்கத்து வீட்டு லாத்தாவோடு பேசிவிட்டு வர 25 நிமிடம். கை எட்டாத இடத்தில் கப். சின்னவன் பள்ளிக்கூடத்தில். எடுத்தபோது ஓரத்தில் நீர்க் கொப்புளம் இரண்டு. டாக்டரம்மா அந்த வாரம் கப் வைக்க மறுத்துவிட்டார். அந்தக் கப்புகள் இப்போது கடையில் இருக்கின்றன. ஒன்றில் ஹூக், ஒன்றில் ஐ, ஒன்றில் பிரஸ் பட்டன். ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக் என்பதால் தேட வேண்டியது இல்லை, அந்த வகையில் நல்ல பொருள்.

இதற்கு நடுவில் மகள் தன் பங்குக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தாள். 2013-ல் ஜெர்மனியில் ஒரு சோதனை வெளியாகியிருக்கிறது. நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள் 61 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு வீட்டில் இருப்பவரே கப்பை எண்ணெயில் ஓட்டிவிட வேண்டும். மீதிப் பேர் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்ய வேண்டும்.

"எது ஜெயிச்சுச்சு?"

"வலியில ரெண்டும் சமம் அத்தா. கப் வச்சவங்களுக்கு மனசு கொஞ்சம் தெம்பா இருந்துச்சு, அழுத்துனா வர்ற வலியும் குறைஞ்சிருந்துச்சு."

"அப்ப கப்பிங் வேலை செய்யுதுங்கிறியா, இல்லைங்கிறியா?"

"ரெண்டும் ஒரே அளவு. ஒண்ணு காசு, ஒண்ணு ஓசி."

2018-ல் கழுத்து வலிக்கான கப்பிங் சோதனைகள் 18-ஐச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களை விட வலி குறைந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சோதனைகளின் தரம் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். அது எனக்குப் புரிந்தது. மாத்திரையென்றால் ஒருவருக்கு உண்மை மாத்திரை, ஒருவருக்கு மாவு மாத்திரை கொடுத்துத் தெரியாமல் சோதிக்கலாம். முதுகில் ஏழு நாவல்பழத்தை வைத்துவிட்டு, வைத்தது தெரியாமல் எப்படி மறைப்பது? 600 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தவன் மனசும் கொஞ்சம் வலியைக் குறைத்துச் சொல்லும். அதற்காகத்தான் நான் டேப் பிடித்தேன். டேப்புக்கும் மனசு உண்டோ என்னவோ, பிடித்தது என் மகள், திரும்பியது நான்.

பழைய வைத்தியம் என்பதால் மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை, தள்ளிவிட வேண்டியதும் இல்லை. எகிப்தில் மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தின ஏட்டிலேயே இது இருக்கிறதாம். சுஸ்ருதர் மாட்டுக் கொம்பையும் சுரைக்குடுக்கையையும் வைத்து ரத்தம் உறிஞ்சச் சொல்லியிருக்கிறார். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவத்தில் உறிஞ்சல் ஒன்று. என் பாட்டி, நன்னி என்போம், வயிற்றுப் பிடிப்புக்கு வெற்றிலை மேல் திரியைக் கொளுத்தி வைத்து, சில்வர் டம்ளரைக் கவிழ்ப்பார். திரி அணைந்ததும் டம்ளர் வயிற்றைக் கவ்விக்கொள்ளும். எங்களுக்குச் சிரிப்புத் தாங்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல்காரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் முதுகில் வட்டங்களோடு வந்து நின்ற பிறகு, ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கு அது பச்சை குத்தியது போல ஆகிவிட்டது. நன்னிக்குத் தெரிந்திருந்தால் டம்ளருக்கு வாடகை வாங்கியிருப்பார்.

நாலாவது வெள்ளிதான் முக்கியமான நாள். கப் வைக்கும் முன், "நீங்க தைக்கிற மாதிரி உக்காந்து காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. மேஜை முன் உட்கார்ந்து, இல்லாத துணியை இல்லாத ஊசிக்கு அடியில் தள்ளினேன். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "முதுகு இவ்வளவு குனியலையே. தாடைதான் முன்னாடி போகுது. கண்ணாடி எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். ஆறு வருடம் இருக்கும் என்றேன். "முதல்ல அதை மாத்துங்க. நான் வெள்ளிக்கிழமை இழுத்து விடறேன், நீங்க சனிக்கிழமை ஊசியைத் தேடித் தேடி மறுபடி இறுக்கிக்கறீங்க."

அப்படி ஒரு விஷயத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. நேராக அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அதுவும் அண்ணா நகர்தான். வெள்ளெழுத்துக்கு என் பழைய கண்ணாடி ஒன்றே கால். இப்போது வேண்டியது இரண்டே கால். சர்க்கரைக்காரன் என்பதால் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்தார்கள், அது நன்றாக இருந்தது. அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஒரு நாள் கூலி போனது. கண்ணாடி 900 ரூபாய். புதுக் கண்ணாடியைப் போட்டு மெஷினில் உட்கார்ந்தபோது ஊசியே என்னிடம் எழுந்து வந்தது போல இருந்தது.

அதோடு, ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எல்இடி விளக்கு. மெஷின் ஸ்டாண்டின் பின்கால்களுக்கு அடியில் இரண்டு இஞ்ச் மரக்கட்டை; மெஷின் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்ததும் குனிவது பாதியாகிவிட்டது. டாக்டரம்மா ஒரு கணக்குச் சொன்னார். தலையின் எடை ஐந்து கிலோ சொச்சம். அறுபது பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழுகிற பாரம் 27 கிலோ வரும் என்று 2014-ல் ஒரு அமெரிக்க முதுகெலும்பு டாக்டர் கணக்குப் போட்டிருக்கிறாராம். அரிசி ஒரு சிப்பம் 25 கிலோ. சிப்பத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு எத்தனை சித்திரைக்குச் சல்லடம் தைத்திருக்கிறேன்! தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ணுவது, தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று நெருக்குவது என்று இரண்டு பயிற்சியும் கொடுத்தார். மெஷினுக்கு அடியில் நூல் சுற்றிப் போடுகிற பாபின் தீரும்போதெல்லாம் பத்துத் தடவை. பாபின் ஒரு நாளைக்கு எத்தனை முறை தீரும் என்பது தையல்காரனுக்குத்தான் தெரியும்.

ஆறாவது கப்பிங் முடிந்தபோது ஐந்தே கால். அதற்கப்புறம் போகவில்லை. மூன்று வாரம் கழித்து, ஆவணியில், கப் எதுவும் வைக்காமல் ஐந்தரை. போன வாரம் ஐந்தே கால்.

இதில் கப்புக்கு எவ்வளவு பங்கு, கண்ணாடிக்கு எவ்வளவு, மரக்கட்டைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. செலவு மட்டும் தெரியும்: கப்பிங் 3,600, கண்ணாடி 900, மரக்கட்டை ஓசி. முதல் மூன்று வாரம் கப் அந்த வலியைக் குறைக்காமல் இருந்திருந்தால் தாடையை உள்ளே இழுக்கும் பயிற்சியைச் செய்திருக்க மாட்டேன். கழுத்தை அசைக்கவே பயம் அப்போது. அந்த அளவுக்குக் கப்புக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் கப்பிங்குக்கு மூன்று. அந்த டாக்டரம்மாவின் கேள்விகளுக்கு ஐந்து. மாடி வீட்டுக்கு மார்க் இல்லை. பம்ப் பெட்டிக்கு, பட்டன் டப்பாவாக, நாலு.

போகிறவர்களுக்கு ஒன்று. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் சீக்கிரம் நிற்காதவர்கள், கர்ப்பிணிகள், வைக்கிற இடத்தில் புண்ணோ படையோ உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். கை மரத்துப் போனாலோ பிடி தளர்ந்தாலோ கப் பக்கமே போகாமல் முதலில் ஆஸ்பத்திரி. கீறல் வைத்துத்தான் செய்வேன் என்பவர்கள், பிளேடை மட்டும் பார்க்காதீர்கள், கப்பையும் பாருங்கள். உங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்து, முடிந்ததும் தூக்கிப் போடுகிற கப்பாக இருக்க வேண்டும். வெட்கப்பட்டுப் படுத்துக் கிடக்க வேண்டாம். அன்றைக்கு வெள்ளைச் சட்டையும் வேண்டாம், எண்ணெய்க் கறை போகாது.

மாசி பிறக்க இன்னும் பத்து நாள்தான். வெல்வெட் பண்டல் வந்து இறங்கிவிட்டது. இந்தத் தடவை ரமலான் நோன்பும் மாசியிலேயே தொடங்குகிறது. வலி திரும்பினால் என்ன செய்வது என்று டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "நோன்போட பகல்ல வராதீங்க பாய். திறந்துட்டு, கஞ்சி குடிச்சுட்டு ஏழு மணிக்கு வாங்க, ராத்திரி தராவீஹ் தொழுகைக்குள்ள அனுப்பிர்றேன்" என்றார். அப்புறம், பாபின் பயிற்சியைச் செய்கிறீர்களா என்று கேட்டார். செய்கிறேன் என்றேன். நேற்று நாலு பாபினுக்குத்தான் செய்தேன்; தீர்ந்தது ஒன்பது.